நீரிழிவும் மூளையும்: பக்கவாதம், அறிவுத் தேய்வு ஆகியவற்றோடு அதற்குள்ள தொடர்பு

முதுமை வந்தால் மறதியும் உடன் வரும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். நடந்து பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கும் பெரியவரையும், சற்று முன் உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கும் மூதாட்டியையும், வயதின் கோளாறு என்று சொல்லிக் குடும்பத்தார் பொறுத்துக்கொள்கின்றனர். அப்பெரியவருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு இருந்து வருவதையும், ஈராண்டுகளுக்கு முன் ஒரு காலைப்பொழுதில் அவருடைய வலக்கை சிறிது நேரம் செயலற்றுப்போய்ப் பின்னர் தானே சரியானதையும் எவரும் இம்மறதியோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றும் மூன்று வேறு துன்பங்களாகவே கருதப்படுகின்றன.

உண்மையில் இவை பல சமயங்களில் ஒரே நோய்த் தொடரின் மூன்று படிகளாக இருக்கின்றன. முதற்படியில் தடுத்தால் மூன்றாம் படியைத் தவிர்க்கவோ, பல ஆண்டுகள் தள்ளிப்போடவோ இயலும். அத்தொடர்பு எவ்வாறு உண்டாகிறது என்பதையும், கிராமங்களில் பணிபுரியும் சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் அதனைத் தடுக்க என்ன செய்யக்கூடும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் பரப்பு

நீரிழிவு நம் நாட்டிற்குப் புதியதன்று. பண்டைய ஆயுர்வேத நூல்கள் அதனை மதுமேகம் எனக் குறிப்பிடுகின்றன. எனினும் அது இன்று பரவியுள்ள அளவு முன்னெப்போதும் காணப்படாதது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை எல்லா மாநிலங்களிலும் நடத்தப்பட்டு 2023-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு உள்ளது. தொகையாகக் கூறின் இது 10 கோடியே 10 லட்சம். மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் நீரிழிவின் வாயிலில் நிற்கின்றனர். ரத்த அழுத்த மிகுதி நூற்றுக்கு 35 பேருக்குக் குறையாமல் உள்ளது.

அறிவுத் தேய்வைப் பற்றியும் இப்பொழுது கணக்கு உண்டு. மருத்துவர்கள் டிமென்ஷியா என அழைக்கும் இந்நோயில் மறதி ஓர் அறிகுறியே. சிந்தித்தல், திட்டமிடல், பேசுதல், முடிவு செய்தல் ஆகிய ஆற்றல்கள் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையைத் தானே நடத்த இயலாத நிலை ஏற்படுவதே அந்நோயாகும். 2023-ஆம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்றின்படி, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர். நகரங்களைவிடக் கிராமங்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடையிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

மூளையும் ரத்த ஓட்டமும்

மனித மூளையின் எடை உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும் உடல் முழுவதும் பயன்படுத்தும் பிராணவாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. தசைகள் தமக்கு வேண்டிய உணவில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்ள வல்லவை. மூளைக்கு அத்தகைய சேமிப்பு பெரிதும் இல்லை. சர்க்கரையும் பிராணவாயுவும் ரத்தத்தின் மூலம் ஒவ்வொரு நொடியும் அதற்கு வந்துகொண்டே இருக்கவேண்டும். ரத்தம் வருவது முற்றிலும் தடைப்பட்டால், சில நிமிடங்களுக்குள் மூளையின் உயிரணுக்கள் அழியத் தொடங்குகின்றன.

ரத்தத்தைக் கொணரும் பெரிய குழாய்கள் கழுத்தின் வழியே ஏறி, மூளையின் மேற்பரப்பில் பல கிளைகளாகப் பிரிகின்றன. அவற்றிலிருந்து நூலினும் மெல்லிய நுண்குழாய்கள் மூளையின் ஆழ்ந்த பகுதிகளுக்குள் இறங்குகின்றன. வாய்க்காலின் கடைமடையில் உள்ள வயலுக்கு வேறு வாய்க்கால் இல்லாதது போலவே, இவ்வாழ்ந்த பகுதிகளுக்கு வேறு வழியாக ரத்தம் வருவது அரிது. ஒரு நுண்குழாய் அடைபட்டால் அது ஊட்டிவந்த இடம் வறண்டுபோகும். மூளையின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கும் நரம்பிழைகள் பல செல்வது இவ்வாழ்ந்த பகுதிகளின் வழியாகத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

சர்க்கரை விளைக்கும் கேடு

1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். அதற்கு முன் கடுமையான நீரிழிவுற்ற இளவயதினர் நெடுநாள் வாழ்ந்ததில்லை. இன்சுலின் கிடைத்த பின்னர் நோயாளிகள் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். அப்பொழுதுதான் நீரிழிவு நாளடைவில் கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்புகளையும் பழுதாக்குவது தெளிவாகத் தெரியவந்தது. இவ்வுறுப்புகளில் காணும் கேட்டிற்குப் பெரும்பாலும் நுண்குழாய்களின் சிதைவே காரணம். மூளையும் அவ்விதிக்கு விலக்கன்று.

ரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், குழாய்களின் உட்புறத்தே அமைந்துள்ள மெல்லிய உயிரணுப் படலம் பழுதடைகிறது. சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் குழாய்ச் சுவர்கள் தடித்து விறைப்படைகின்றன. பெரிய குழாய்களில் கொழுப்புப் படிவுகள் விரைவாகச் சேர்கின்றன. ரத்தம் எளிதில் உறையும் தன்மையும் பெறுகிறது. இவற்றோடு ரத்த அழுத்த மிகுதியும் சேருமாயின், முன்னரே விறைத்துப்போன குழாய்கள் ஒவ்வொரு இதயத் துடிப்பிலும் மேலும் தாக்கப்படுகின்றன. நீரிழிவு உடையவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவரைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பது பல நாட்டு ஆய்வுகளில் கண்ட உண்மை. ஹாலந்து நாட்டின் ராட்டர்டாம் நகரத்து முதியோரிடையே நடைபெற்று 1999-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அறிவுத் தேய்வு வரும் வாய்ப்பும் அவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதைக் காட்டிற்று.

தெரியாமலே வரும் பக்கவாதம்

பக்கவாதம் என்றவுடன் கை கால் விழுந்து, வாய் கோணிப் படுத்துவிட்ட நோயாளியே நினைவுக்கு வருகிறார். அத்தகைய பக்கவாதத்திற்குப் பின் அறிவுத் தேய்வு உண்டாவது அரிதன்று. முதன்முறை தாக்கியபின் சில மாதங்களுக்குள் பத்தில் ஒருவருக்கு இது புதிதாகத் தோன்றுகிறது. மீண்டும் மீண்டும் தாக்கினால், மூவரில் ஒருவருக்கு மேல் இதற்கு ஆளாகின்றனர் என்று 2009-ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரை தெரிவிக்கிறது. மூளையின் பல இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வாறு அழிவதால் வரும் அறிவுத் தேய்வை, 1974-ஆம் ஆண்டில் ஹாசின்ஸ்கி முதலிய மூவர் தனியாகப் பெயரிட்டு விளக்கினர்.

ஆனால் நோயாளியே அறியாமல் வந்துபோகும் பக்கவாதங்களும் உண்டு. ஆழத்தில் உள்ள ஒரு நுண்குழாய் அடைபட்டு, கடலைப் பருப்பளவோ அதினும் சிறியதோ ஆன ஓரிடம் அழியும். அவ்விடம் கையையோ காலையோ இயக்கும் பகுதியாக இல்லாவிடில், வெளியே ஓர் அறிகுறியும் தோன்றாது. காந்தப் புலத்தைக் கொண்டு மூளையைப் படம்பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவி வந்த பின்னரே இவ்வழிவுகள் எவ்வளவு மிகுதியாக உள்ளன என்பது புலனாயிற்று. அறுபது வயதிற்கு மேற்பட்ட 1,015 பேரை ராட்டர்டாமில் படம்பிடித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருடைய மூளையில் இத்தகைய சிறு அழிவுகள் காணப்பட்டன. அவ்வாறு காணப்பட்டோருக்குப் பின்னாளில் அறிவுத் தேய்வு வரும் வாய்ப்பு இரு மடங்கிற்கு மேல் இருந்ததென 2003-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

இரு நோய்கள் ஒன்றுசேரும்போது

அறிவுத் தேய்வு அனைத்திற்கும் ரத்தக் குழாய்களே காரணம் என்று கொள்ளுதல் தவறாகும். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாயிஸ் அல்ஸைமர் விவரித்த நோயில், மூளையில் புரதப் படிவுகள் தோன்றி உயிரணுக்கள் அழிகின்றன. அறிவுத் தேய்வுக்கு மிகுதியான காரணமாக இருப்பது இந்நோயே. ஆயினும் இவ்விரு நோய்களும் ஒரே மூளையில் சேர்ந்திருப்பது சாதாரணம்.

இதற்குச் சான்றாக அமைந்தது அமெரிக்க நாட்டில் நாட்ர்டாம் சபையைச் சேர்ந்த கன்னியரிடையே டேவிட் ஸ்நோடன் என்பவர் நடத்திய ஆய்வு. அக்கன்னியருள் பெரும்பாலோர் ஆசிரியைகள். 678 பேர் ஆண்டுதோறும் நினைவாற்றல் பரிசோதனைக்கு உட்பட்டதோடு, இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்கு அளிக்கவும் இசைந்தனர். 1997-ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. அல்ஸைமர் படிவுகள் மூளையில் நிறைந்திருந்தும், சிலர் இறுதிவரை தெளிந்த அறிவோடு வாழ்ந்திருந்தனர். அப்படிவுகளோடு ஆழ்ந்த பகுதிகளில் சிறு பக்கவாத அழிவு ஒன்றிரண்டு இருந்தாலும், அவர்களிடையே அறிவுத் தேய்வு மிக அதிகமாகக் காணப்பட்டது. ஒரு நோயைத் தாங்கி நின்ற மூளை, இரண்டாவது சேர்ந்ததும் தாங்கமாட்டாமல் போயிற்று எனலாம்.

இதனின்றும் பெறப்படும் பாடம் பெரிது. அல்ஸைமர் நோயை முற்றிலும் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆனால் அதனோடு வந்து சேரும் ரத்தக் குழாய் நோயைத் தடுக்கும் வழிகள் கிராமச் சுகாதார நிலையத்திலேயே உள்ளன.

அறிவுத் தேய்வு தோன்றும் விதம்

ரத்தக் குழாய்ச் சிதைவால் வரும் அறிவுத் தேய்வில், முதலில் கெடுவது நினைவாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. எடுத்துக்காட்டாக, ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவரைக் கருதலாம். பழைய நிகழ்ச்சிகளை அவர் நன்றாகவே நினைவுகூர்கிறார். ஆனால் வீட்டு வரவுசெலவை எழுதத் தொடங்கினால் முடிப்பதில்லை. பத்து நிமிட வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு கேள்விக்கு விடை கூற நெடுநேரம் எடுத்துக்கொள்கிறார். நடை தளர்ந்து, அடிகள் சிறுத்துவிட்டன. பேச்சில் பழைய ஆர்வம் இல்லை. சில மாதங்கள் ஒரே நிலையில் இருந்து, திடீரென ஒரு படி இறங்கி, மீண்டும் அந்நிலையிலேயே நிற்கிறார். இத்தகைய மாற்றங்களைச் சோம்பல் என்றோ மனக்குறை என்றோ எண்ணிவிடுவது எளிது.

இங்கே ஓர் அபாயம் மறைந்துள்ளது. நீரிழிவுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி நோயாளியின் கையிலேயே இருக்கிறது. எந்த மாத்திரையை எப்பொழுது உண்பது, இன்சுலினை எவ்வளவு ஏற்றுவது, எப்பொழுது உணவு கொள்வது என்பவற்றை அவரே நினைவிற்கொள்ள வேண்டும். அறிவு தேயத் தொடங்கியவர் ஒருநாள் மருந்தை விட்டுவிடுகிறார். மற்றொருநாள் உண்டதை மறந்து மீண்டும் உண்கிறார். விட்டால் சர்க்கரை ஏறி, குழாய்கள் மேலும் கெடுகின்றன. இருமுறை உண்டால் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து, மயக்கமும் மூளைக்குத் தீங்கும் நேர்கின்றன. கடுமையான சர்க்கரைக் குறைவுக்கு ஆளான முதிய நோயாளிகளிடையே அறிவுத் தேய்வு மிகுதியாகக் காணப்பட்டதென 2009-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்று தெரிவித்தது. நோயினால் மறதி, மறதியினால் மேலும் நோய் என இது சுழல்கிறது.

ஆகவே, மருந்தைச் சரிவர உண்ணாதவர் எனப் பதிவேட்டில் குறிக்கப்படும் நோயாளிகள் எல்லாரும் அலட்சியக்காரர் அல்லர். முன்பு ஒழுங்காக இருந்தவர் இப்பொழுது தவறுகிறார் எனில், அத்தவறே ஒரு நோய்க்குறியாக இருக்கக்கூடும். அவரைக் கடிந்துரைப்பதால் பயன் இல்லை. அவருடைய நினைவாற்றலைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்தலே முறையாகும்.

தடுக்கும் வழிகள்

நீரிழிவோடு ரத்த அழுத்த மிகுதியும் உடைய 1,148 பேரை இங்கிலாந்தில் பல்லாண்டுகள் கவனித்த ஆய்வு 1998-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ரத்த அழுத்தம் நன்கு கட்டுப்படுத்தப்பட்டவர்களிடையே பக்கவாதம் நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. இரு பிரிவினரின் அழுத்தத்திற்கும் இடையே இருந்த வேறுபாடு சராசரியாக 10 மி.மீ. அளவே. ஆகவே, சர்க்கரையை மட்டும் அளந்து அழுத்தத்தை அளக்காமல் விடுதல் பாதிப்பணியே ஆகும்.

இதற்கு மாறாக, சர்க்கரையை மட்டும் மிகக் கடுமையாகக் குறைப்பதால் முதியவருக்கு அறிவு நலம் கூடுவதில்லை என 2011-ஆம் ஆண்டில் வெளியான வட அமெரிக்க ஆய்வு காட்டிற்று. முதியோருக்கு எந்த அளவு ஏற்றது என்பதை மருத்துவரே வரையறுக்க வேண்டும். மெட்பார்மின் மாத்திரையை நெடுங்காலம் உண்போருக்கு வைட்டமின் பி-12 குறையக்கூடும். அதனாலும் மறதி உண்டாகும். தைராய்டுச் சுரப்பியின் குறைபாடும் மனச்சோர்வும் அவ்வாறே. இவை சிகிச்சையால் சீர்படக்கூடியவை. மறதிக்குக் காரணம் தேடாமல் விடலாகாது என்பதற்கு இதுவே போதிய நியாயம்.

2024-ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, அறிவுத் தேய்வுக்குரிய பதினான்கு காரணங்களை எடுத்துக்காட்டி, அவற்றை நீக்க முடிந்தால் உலகில் இந்நோயில் நூற்றுக்கு 45 பங்கு வரையில் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் எனக் கணித்தது. நீரிழிவு, ரத்த அழுத்த மிகுதி, புகைத்தல், உடலுழைப்பின்மை, மது, கொழுப்பு மிகுதி, செவி மந்தம், கண் பார்வைக் குறை, தனிமை ஆகியன அவற்றுட் சில. இளமையில் கல்வி குறைவாகப் பெற்றதும் அப்பட்டியலில் இடம் பெறுகிறது.

களப்பணியாளர் செய்யவேண்டுவன

தொற்றா நோய்களைத் தடுக்க 2010-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ், முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் பரிசோதிக்கப்படுகின்றன. ஆஷா பணியாளர் வீடுதோறும் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில், முதியோர் நெருங்கிய உறவினரின் பெயரையோ தம் வீட்டு முகவரியையோ மறக்கின்றனரா என்னும் கேள்வியும் உள்ளது. இக்கேள்வியை ஒப்புக்குக் கேட்டு நகர்தல் கூடாது. முதியவரை மட்டுமின்றி, உடன் வாழ்பவரையும் தனியே கேட்டறிதல் நன்று.

எழுத்தறியாதவரிடம் நினைவாற்றலை அறிய முடியாது என்று கருதவேண்டியதில்லை. ஹரியானா மாநிலத்தின் வல்லப்கரில் கிராம முதியோருக்கென ஹிந்தியில் அமைத்து 1995-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனை இதற்கு நல்ல வழிகாட்டி. ஒரு வாக்கியம் எழுதுக என்பதற்கு மாற்றாக, உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் எனக் கேட்கப்பட்டது. எழுதியதைப் படித்துக் கண்ணை மூடுக என்பதற்கு மாற்றாக, நான் செய்வதுபோல் செய்யுங்கள் எனச் செய்துகாட்டப்பட்டது. கல்விக் குறைவை அறிவுக் குறைவாக எண்ணாதிருக்க இம்முறை உதவிற்று.

நீரிழிவு நோயாளியின் வீட்டிற்குச் செல்லுங்கால் பின்வருவன கவனிக்கத்தக்கன:

1. சர்க்கரையோடு ரத்த அழுத்தத்தையும் ஒவ்வொரு முறையும் அளந்து குறித்தல். அழுத்தம் 140/90 அளவிலோ அதற்கு மேலோ இருப்பின் மருத்துவரிடம் அனுப்புதல்.

2. எஞ்சியுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்தல். கணக்கில் கூடியோ குறைந்தோ இருந்தால் காரணம் விசாரித்தல்.

3. தடுமாற்றம் கண்ட நோயாளிக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பை, நோயாளியின் மதிப்புக்குக் குறைவு நேராவண்ணம், குடும்பத்தில் ஒருவரிடம் ஒப்படைத்தல்.

4. கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், ஒரு கண் பார்வை மங்கல் ஆகியன சில நிமிடங்கள் இருந்து மறைந்தனவா எனக் கேட்டல். மறைந்துவிட்டது என்பதனால் அது சிறிய செய்தியாகாது. அது பெரும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, மூளையைப் படம்பிடிக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்லவேண்டும். பல மாநிலங்களில் 108 என்ற எண்ணுக்குத் தெரிவித்தால் ஊர்தி வரும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்திற்குள் ஏற்றினால்தான் பொதுவாகப் பயனுண்டு. விழுங்கும் ஆற்றல் கெட்டிருக்கக்கூடும் ஆதலின், வாய்வழியே நீரோ மருந்தோ புகட்டலாகாது.

ஆசிரியர்களின் பங்கு

பக்கவாதத்தின் மூன்று அறிகுறிகளையும் ஐந்தாம் வகுப்புச் சிறுவன்கூடக் கற்றுக்கொள்ள இயலும். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பாட்டனுடனும் பாட்டியுடனும் வீட்டில் இருப்பவன் அவனே. உப்பையும் சர்க்கரையையும் குறைத்தல், புகையிலையை விலக்கல், நாள்தோறும் நடத்தல் என்பனவும் பள்ளியின் வழியே வீட்டிற்குச் செல்லக்கூடிய செய்திகள்.

கல்வியே மூளைக்கு ஒரு காப்பு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடியும் உடனுழைத்தோரும் பக்கவாதமுற்ற 608 பேரை ஆராய்ந்து, 2016-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களில் நூற்றுக்கு 20 பேரே பக்கவாதத்திற்குப் பின் அறிவு குன்றாமல் இருந்தனர். இரு மொழிகளில் பேசிப் பழகியவர்களில் நூற்றுக்கு 40 பேர் அவ்வாறு இருந்தனர். இளமையில் மூளை பெறும் பயிற்சி, முதுமையில் நேரும் சேதத்தைத் தாங்க உதவுகிறது என்றே இதனைக் கொள்ளவேண்டும். சிறுமியொருத்தி பள்ளியைவிட்டு இடையில் நின்றுவிடாமல் காக்கும் ஆசிரியர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் அவளுக்குப் பயன்படப்போகும் ஒரு செல்வத்தை இன்று சேர்த்துவைக்கிறார்.

முதுமையில் மறதி இயல்பு என்ற எண்ணம் நீடிக்கும் வரையில் அதற்குக் காரணம் தேடுவார் இலர். மாதந்தோறும் வீட்டிற்கு வந்து ரத்த அழுத்தம் அளக்கும் பணியாளர், அளவைக் குறித்த பின்னர் சற்று நேரம் அமர்ந்து, பெரியவர் இவ்வாரம் மருந்தைத் தாமே எடுத்து உண்டாரா என வீட்டாரிடம் கேட்பாராயின், அதுவே அம்மறதிக்கான காரணத்தைத் தேடும் முயற்சியின் தொடக்கமாகும்.